இணையத்தைத் துருவிப் பார்க்கும் வகுப்பு: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இணையத்தை வைத்துப் பிள்ளைகளை ஆராய வைக்கும் பணிகளைப் பல வருடமாக என் வகுப்பில் செய்து வருகிறேன். இதை முயன்று பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கு என் அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் பதில் எழுதியிருக்கிறேன்.

இணையவழி ஆய்வுப் பணி என்றால் என்ன? கூகுளில் தேடச் சொல்வதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை, இரண்டும் வேறு. "எரிமலை பற்றித் தேடி எழுதி வா" என்று சொன்னால் பிள்ளை தேடும், முதலில் வரும் பத்தியை எடுத்து எழுதும், வேலை முடிந்துவிடும். ஆய்வுப் பணியில் ஒரு சிக்கல் இருக்கும். அதற்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்த முடிவுக்கு வேண்டிய சான்றுகள் நாலைந்து தளங்களில் சிதறிக் கிடக்கும், சில இடங்களில் ஒன்றோடொன்று மோதும். பிள்ளைகள் அவற்றைப் படித்து, ஒப்பிட்டு, "எங்கள் முடிவு இது, காரணம் இது" என்று சொல்ல வேண்டும்.

நானும் ஆரம்பத்தில் எரிமலைப் பணிதான் கொடுத்தேன். எட்டுக் குழுக்கள். ஏழு தாள்களில் முதல் வாக்கியம் அச்சுப் பிசகாமல் ஒன்றே. திருத்தும்போது பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. நான் கொடுத்த கேள்விக்கு வேறு மாதிரிப் பதில் எழுத வழியே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்றிலிருந்து பணியைத் தயாரிக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கேள்வியை யோசிக்கவே செலவிடுகிறேன்.

இதை யார் தொடங்கினார்கள்?

கேள்வி கேட்டுக் கற்பது பழைய சங்கதி. இணையத்துக்கென்று ஒரு வடிவம் கொடுத்தவர் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ். 1995 தொடக்கத்தில் டாம் மார்ச்சுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறைக்கு வெப்குவெஸ்ட் என்று பெயர். அறிமுகம், பணி, செய்முறை, பார்க்க வேண்டிய தளங்கள், மதிப்பீடு, முடிவுரை என்று அதற்கு ஒரு கட்டமைப்பு உண்டு. கூகுள் பிறப்பதற்கு மூன்று வருடம் முந்திய காலம் அது. அந்தக் கட்டமைப்பை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் 'பணி' என்பதை நடுநாயகமாக வைத்த அவர் யோசனை இன்றைக்கும் பழசாகவில்லை. பணிகளில் என்னென்ன வகை உண்டு என்று அவரே பின்னால் 12 வகைகளாகப் பிரித்தார்: துப்பறிவது, செய்தியாளராக எழுதுவது, வடிவமைப்பது, தீர்ப்புச் சொல்வது, எதிரெதிர் கருத்துகளிலிருந்து பொது முடிவுக்கு வருவது என்று போகும். என்ன பணி கொடுப்பது என்று தெரியாமல் முழிக்கும் நாளில் அந்த வகைகளை ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

நல்ல கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. கேள்வியை அப்படியே தேடுபெட்டியில் தட்டிப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே முழுப் பதிலும் வந்துவிட்டால் அது ஆய்வுக்கு உதவாது.

புளூட்டோவை எடுத்துக்கொள்வோம். "புளூட்டோ ஏன் கோள் இல்லை?" என்று கேட்டால் பதில் ஒரு நொடியில் வரும். 2006 ஆகஸ்ட் 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகும் அளவுக்கு நிறை வேண்டும், தன் பாதையிலுள்ள மற்ற பொருள்களை அகற்றியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. கதை முடிந்தது.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம்: "நீங்கள் அந்தக் கூட்டத்தில் வாக்களிக்க வந்தவர்கள். எந்த வரையறைக்கு வாக்களிப்பீர்கள்? உங்கள் வரையறைப்படி சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள் இருக்கும்?" உடனே வகுப்பு சூடாகிவிடும். உருண்டையாக இருந்தால் போதும் என்று ஒரு குழு சொன்னால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சீரிஸும் உள்ளே வரும், புளூட்டோ போலவே தொலைவில் சுற்றும், 2005இல் கண்டுபிடிக்கப்பட்ட ஏரிசும் வரும். அப்படியானால் நிலா என்ன பாவம் செய்தது என்று அடுத்த குழு கேட்கும். சீரிஸின் பழைய கதையைப் பிள்ளைகள் தோண்டி எடுப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1801இல் கண்டுபிடிக்கப்பட்டபோது அதையும் கோள் என்றுதான் சொன்னார்கள். பக்கத்திலேயே அதுபோலப் பல சிக்கியதும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புளூட்டோவுக்கு நடந்தது முதல் முறை இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய வரும்போது, அறிவியலில் பெயர் வைப்பதும் மனிதர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவுதான் என்பது நான் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

இரண்டு கேள்விகளுக்கும் படிக்க வேண்டிய தளங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளை அங்கே போய் என்ன செய்கிறது என்பதுதான் மாறுகிறது.

ஒரு பணியை முதலிலிருந்து கடைசி வரை காட்ட முடியுமா?

நான் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது கற்றுக்கொண்ட பணி லண்டன் காலரா.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று அன்றைக்கு மருத்துவர்களே பெரும்பாலும் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் பிராட் தெருவிலிருந்த அடிபம்பின் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டார். செப்டம்பர் 7 மாலை அந்தப் பகுதி நிர்வாகக் குழுவைச் சந்தித்துத் தன் சான்றுகளை வைத்தார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பணி இதுதான்: "நீங்கள்தான் அந்த நிர்வாகக் குழு. கைப்பிடியைக் கழற்றினால் ஒரு தெருவே தண்ணீருக்குத் தவிக்கும். கழற்றாமல் விட்டு ஸ்னோ சொன்னது உண்மையாகிவிட்டால் உயிர்கள் போகும். என்ன செய்வீர்கள்? எந்தச் சான்றை நம்பி?"

நால்வர் கொண்ட குழு. ஒருவர் ஸ்னோவின் புத்தகத்திலிருந்து நான் எடுத்துக் கொடுக்கும் இரண்டு பக்கங்களைப் படிப்பார். ஒருவர் அவருடைய வரைபடத்தைப் பார்ப்பார். மூன்றாமவருக்குக் கெட்ட காற்றுக் கொள்கையின் வாதங்கள். நான்காமவருக்கு ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். ஸ்னோ சொன்னதை முதலில் நம்பாமல், தவறென்று காட்டவே வீடு வீடாக விசாரிக்கப் போய், கடைசியில் ஸ்னோ பக்கமே வந்துசேர்ந்த மனிதர் அவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகப் பொதுச் சுகாதாரப் பள்ளி ஸ்னோவுக்கென்றே ஒரு தளம் வைத்திருக்கிறது. தேவையானதில் பெரும்பகுதி அங்கேயே கிடைக்கும்.

வரைபடத்தில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு. ஒரே வீட்டில் பலர் இறந்திருந்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பிள்ளைகள் திரையைப் பெரிதாக்கி விரலை வைத்து எண்ணுவார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார். பம்புக்குப் பக்கத்திலேயே வேலை வாங்கிக்கொண்டு ஏழைகளைத் தங்கவைக்கும் ஒரு பெரிய விடுதி. உள்ளே 535 பேர். இறந்தவர்கள் 5 பேர் மட்டும். அதே தெருவில் ஒரு பீர் ஆலை. எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவர்கூடக் காலராவால் சாகவில்லை. காற்று கெட்டிருந்தால் இவர்களும்தானே அதைச் சுவாசித்திருப்பார்கள்? திரும்பப் போய்த் துருவினால் விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது தெரிய வரும். ஆலைக்காரர்களுக்குக் குடிக்க அங்கேயே பானம் கிடைத்தது, அவர்கள் அந்தத் தெரு பம்பைத் தேடிப் போகவே இல்லை.

ஒரு வருடம் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "மிஸ், இந்த மேப் புத்தகத்துல 1855ன்னு போட்டிருக்கு. கைப்பிடியை 1854லயே எடுத்துட்டாங்க. அப்போ அந்தக் குழு எதைப் பார்த்து முடிவு பண்ணுச்சு?"

அந்தக் கேள்வியை நான் யோசித்ததே இல்லை. அவளிடமே ஒப்புக்கொண்டு, அடுத்த பீரியட் முழுவதையும் அதற்கே விட்டுக் கொடுத்தேன். ஸ்னோவின் புத்தகத்திலேயே விடை இருந்தது. அரசுப் பதிவிலிருந்து அவர் எடுத்த சாவுப் பட்டியலில் மூன்று நாளில் 83 பேர். ஏறக்குறைய எல்லாருமே அந்த பம்புக்கு அருகில் இருந்தவர்கள். வேறொரு பம்புக்குப் பக்கத்தில் வாழ்ந்து இறந்தவர்கள் 10 பேர். அதில் 5 பேரின் வீட்டார், நாங்கள் எப்போதும் பிராட் தெருத் தண்ணீரைத்தான் விரும்பிக் கொண்டுவருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் 3 பேர் அந்த பம்புக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்குப் போன குழந்தைகள். உலகமே கொண்டாடும் வரைபடம் வருவதற்கு முன்னால், கதவைத் தட்டி விசாரித்த அந்தப் பட்டியல்தான் வேலை செய்திருக்கிறது. இன்று அந்த மாணவியின் கேள்வியையே பணியின் இரண்டாம் பகுதியாக வைத்துவிட்டேன்.

கைப்பிடியைக் கழற்றியதால்தான் நோய் அடங்கியது என்று பிள்ளைகள் முடித்துவிடப் பார்ப்பார்கள். மக்கள் ஏற்கெனவே ஊரைக் காலி செய்து போனதில் சாவு குறையத் தொடங்கியிருந்தது என்று ஸ்னோவே நேர்மையாக எழுதியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்கும் குழுவுக்குத் தனிப் பாராட்டு உண்டு.

தளங்களை நாமே கொடுக்க வேண்டுமா, பிள்ளைகளே தேடட்டுமா?

முதல் சில பணிகளுக்கு நீங்களே கொடுங்கள். நாலைந்து லிங்க் போதும். பிள்ளைகளின் நேரம் தேடுவதில் கரையாமல் யோசிப்பதில் போக வேண்டும். பழகிய பிறகு, "இந்த மூன்றும் நான் தருகிறேன், நான்காவதை நீங்கள் கண்டுபிடியுங்கள், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்" என்று கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்.

ஆரம்பத்திலேயே கையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது ஆய்வாளர்கள் நடுவே பெரிய வாதமாகவே நடந்திருக்கிறது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும், வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதிதாகக் கற்பவர்களுக்குப் பலன் தருவதில்லை என்று கடுமையாக எழுதினார்கள். நம் மூளை ஒரே நேரத்தில் கையாளக்கூடியது கொஞ்சம்தான், எதை எங்கே தேடுவது என்பதிலேயே அது தீர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். மறுவருடமே மற்ற ஆய்வாளர்கள் பதில் கொடுத்தார்கள்: நல்ல ஆய்வுப் பணியில் வழிகாட்டல் நிறையவே இருக்கிறது, அதை வழிகாட்டல் இல்லாத முறைகளோடு சேர்த்துக் கட்டக் கூடாது என்று. வகுப்பறையில் நின்று பார்த்தவள் என்ற முறையில் எனக்கு இரண்டுமே சரி. வழிகாட்டாமல் விட்ட நாள்களில் என் வகுப்பு தடுமாறியிருக்கிறது. ஒர்க்ஷீட், சொல்லகராதி, "முதலில் இந்தப் பத்தியை மட்டும் படி" என்ற குறிப்பு எல்லாம் கொடுத்த நாள்களில் அதே பிள்ளைகள் அசத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பணி கொடுப்பதற்கு முந்தின நாள் எல்லா லிங்கையும் பள்ளிக் கம்ப்யூட்டரிலேயே திறந்து பாருங்கள். வீட்டில் திறக்கும் தளம் பள்ளியில் தடைபட்டிருக்கும். காணாமல் போன பக்கத்துக்கு இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய நகல் பெரும்பாலும் கிடைக்கும்.

ஒரு தளத்தை நம்பலாமா என்று பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

'பசிபிக் வடமேற்கு மர ஆக்டோபஸ்' என்று ஒரு தளம் 1998 முதல் இருக்கிறது. மரத்தில் ஏறி வாழும் ஆக்டோபஸ் அழிந்து வருகிறது, காப்பாற்றுங்கள் என்று படங்களோடு சொல்லும். அத்தனையும் கற்பனை. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையத்தில் நன்றாகப் படிக்கக்கூடிய ஏழாம் வகுப்பு மாணவர்கள் 25 பேரிடம் இதைக் காட்டினார்கள். ஏறக்குறைய எல்லாரும் நம்பிவிட்டார்கள். பொய் என்று சொன்ன பிறகும் சிலர் விடவில்லை. நல்ல மாணவர்களே இப்படி ஏமாறுகிறார்கள் என்றால் இதைப் பாடமாகவே நடத்த வேண்டும்.

எப்படி நடத்துவது? "எங்களைப் பற்றி" பக்கம் இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பட்டியல் போட்டுச் சரிபார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதை நான் விட்டுவிட்டேன். காரணம், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழு நடத்திய ஓர் ஆய்வு. வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர். எல்லாரிடமும் சில தளங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். மாணவர்களும் அறிஞர்கள் பலரும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்த வேகத்தில் வெளியேறி, வேறு டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

என் வகுப்பில் இதற்கு வைத்திருக்கும் பெயர் "பக்கத்து வீட்டில் விசாரி". ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவரையே கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம் இல்லையா? ஐந்து நிமிடம், ஒரு தளம், மூன்று டேப். வாரத்துக்கு ஒரு முறை செய்தால் ஒரு பருவத்தில் கை பழகிவிடும். விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன். முன்பின் தெரியாத ஓர் அமைப்பைப் பற்றி முதலில் விசாரிக்க அது வசதியான இடம், கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களுக்கு அங்கிருந்து போகலாம்.

காப்பி பேஸ்டை எப்படித் தடுப்பது?

காப்பியடிக்க முடியாத கேள்வியைக் கொடுத்தால் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு நான் செய்வது: முதல் பீரியட்டில் குறிப்பு எடுக்கத் தாளும் பேனாவும் மட்டும். ஒரு தளத்துக்கு அதிகபட்சம் பத்துச் சொல், முழு வாக்கியம் கூடாது. அடுத்த பீரியட்டில் திரையை அணைத்துவிட்டு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்து எழுத வேண்டும். எங்கிருந்து எடுத்தாய் என்பதையும் ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்தில் எழுதப் பழக்குங்கள். திருடாதே என்று மிரட்டுவதைவிட, யார் சொன்னது என்று சொல்லும் மரியாதையைப் பழக்குவது பிள்ளைகளிடம் நிலைக்கிறது.

சாட்ஜிபிடி போன்றவை வந்த பிறகும் இதற்கு அர்த்தம் உண்டா?

முன்னைவிட அதிகமாக உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, தேடிப் படித்துத் தொகுக்கும் வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. ஆகவே தொகுப்பதோடு நின்றுவிடும் பணிகள் இனி செல்லாது. அதே சமயம் அந்த இயந்திரம் தப்பான தகவலையும் அதே நம்பிக்கையான குரலில்தான் சொல்லும், இல்லாத புத்தகத்தையும் இருப்பதாகக் காட்டும்.

அதையே பணியாக மாற்றலாம். காலரா கதையை அதனிடம் கேட்டு, வந்த பதிலைத் தாளில் எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று தேடி, சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு, சான்று கிடைக்கவில்லை என்றால் மஞ்சள் அடிக்கச் சொல்லுங்கள். மஞ்சள் நிறைய வரும். அந்த மஞ்சளைப் பற்றிப் பேசுவதுதான் பாடம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவரை சரி, தவறு என்று இரண்டு நிறம்தான் தெரியும்.

எங்களிடம் கம்ப்யூட்டர் குறைவு. இணையமும் அடிக்கடி போய்விடும். என்ன செய்வது?

ஒரே ஒரு கம்ப்யூட்டரும் ப்ரொஜெக்டரும் இருந்தால் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பணி செய்யலாம். "அடுத்து எதைக் கிளிக் செய்யலாம்? ஏன்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். பக்கங்களை முன்கூட்டியே சேமித்தும் அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் காலராப் பணியை இணையம் போன ஒரு நாளில் முழுக்க முழுக்கத் தாளிலேயே நடத்தியிருக்கிறேன். வரைபடத்தின் பெரிய நகலில் பிள்ளைகள் பென்சிலால் கோடுகளை எண்ணினார்கள். எதுவும் குறையவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற தளத்தில் திரையிலேயே இயக்கிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகள் உண்டு, அவற்றில் பலவற்றைத் தரவிறக்கி இணையம் இல்லாமலே ஓட்டலாம்.

கருவிகள் சுழற்சியிலும் வரலாம். ஒரு குழு கம்ப்யூட்டரில், ஒரு குழு அச்சுத்தாளில், ஒரு குழு விவாதத்தில், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றம்.

குழுவில் ஒருவரே எல்லா வேலையையும் செய்கிறார். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இதற்கு வழி?

ஒவ்வொருவர் கையிலும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு இருக்க வேண்டும். 1971இல் டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஜிக்சா முறை இதுதான். அதுவரை தனித்தனியாகப் படித்த வெவ்வேறு இனப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்த நேரம், பகைமை முற்றியிருந்தது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் யாரும் தேர்வெழுத முடியாது.

மேலே சொன்ன காலராப் பணியில் நான்கு பேருக்கு நான்கு ஆவணம் என்று பிரித்தது அதனால்தான். வைட்ஹெட் ஆவணம் வகுப்பில் அதிகம் பேசாத பையன் கையில் இருந்தால், குழுவே அவனைச் சுற்றி உட்கார்ந்து "சொல்லுடா, அப்புறம் என்ன ஆச்சு" என்று கேட்கும். அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குக் கடினமான ஆவணம் போய்விட்டால் பழி முழுதும் அவன் தலையில் விழும். ஆவணங்களை யாருக்கு எது என்று நீங்களே பார்த்துப் பிரியுங்கள். ஒரே ஆவணம் கிடைத்தவர்களை முதலில் ஒன்றாக உட்கார வைத்துப் பேசவிட்டு, பிறகு அவரவர் குழுவுக்கு அனுப்புங்கள்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கு எங்கே போவது?

எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டாம். பருவத்துக்கு இரண்டு போதும். பிள்ளைகள் வழக்கமாகக் குழம்பும் பாடத்தையோ, பலவிதமாகப் பார்க்கக்கூடிய பாடத்தையோ தேர்ந்தெடுங்கள். சின்னப் பணிக்கு ஒன்று முதல் மூன்று பீரியட் ஆகும். பெரியதற்கு ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை போகலாம் என்று டாட்ஜே கணக்குச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை சின்னதோடு நில்லுங்கள்.

பிள்ளைகளின் வேலை உண்மையான ஆய்வுக்கு உதவுமா?

உதவும். ஜூனிவர்ஸ் என்ற தளத்தில் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்துவது, காட்டில் வைத்த கேமராப் படங்களில் விலங்கை அடையாளம் காண்பது என்று விஞ்ஞானிகளுக்கு உண்மையிலேயே தேவைப்படும் வேலைகள் இருக்கின்றன. இதன் தொடக்கம், விண்மீன் மண்டலப் படங்களைப் பொதுமக்களே வகைப்படுத்த 2007இல் வந்த கேலக்ஸி ஜூ. அந்த வருடமே ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் யாருக்கும் புரியாத ஒளித்திட்டு ஒன்றைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கே அது புதுசு. இன்று அந்த வாயு மேகம் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. இந்தக் கதையை வகுப்பில் சொல்லாமல் நான் ஜூனிவர்ஸைத் திறப்பதே இல்லை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் உலக நிலநடுக்கங்களை அன்றாடம் வரைபடத்தில் காட்டுகிறது. கடந்த 30 நாள் தரவை எடுத்து உலக வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கண்டத்தட்டுகளின் ஓரம் தானாகவே தெரியும். பாடப்புத்தகப் படத்தை அப்புறம் காட்டுங்கள், முன்னால் காட்டினால் கண்டுபிடிப்பின் சுகம் போய்விடும்.

மார்க் எப்படிப் போடுவது?

பணி கொடுக்கும்போதே மதிப்பீட்டு அட்டவணையையும் கொடுத்துவிடுங்கள். நான் மூன்றே விஷயம் பார்க்கிறேன்: முடிவுக்குச் சான்று இருக்கிறதா, எதிர்த்தரப்புச் சான்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா, எங்கிருந்து எடுத்தது என்று தெரிகிறதா. படம், வண்ணம், ஸ்லைடு அலங்காரத்துக்கு மார்க் கிடையாது. முன்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எழுத்துரு தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு பீரியட்டைக் கழித்தார்கள்.

குழு மார்க்கோடு தனி மார்க்கும் வேண்டும். கடைசியில் ஆளுக்கு ஐந்து வரி: "முதலில் என்ன நினைத்தேன், எதைப் பார்த்து மாற்றிக்கொண்டேன்." மாற்றிக்கொள்ளவில்லை என்றால் ஏன் என்று எழுதினாலும் முழு மார்க்.

சின்ன வகுப்புகளுக்கு முடியுமா?

முடியும், ஒரு தளம், ஒரு கேள்வி, பத்து நிமிடம். பறவைக் கூட்டைக் காட்டும் நேரலைக் கேமராவைத் திறந்து, "அம்மா எத்தனை தடவை வெளியே போகுது? திரும்பி வரும்போது என்ன கொண்டுவருது?" என்று எண்ண வைத்தால் அதுவே ஆய்வு. படிப்பதை நீங்கள் செய்யுங்கள், பார்ப்பதையும் கேட்பதையும் அவர்கள் செய்யட்டும்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைகளின் முழுப்பெயர், படம், பள்ளி விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது. பல தளங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்குத் தருவதில்லை. கணக்கு இல்லாமல் ஓடும் தளங்களையே தேர்ந்தெடுங்கள், வேண்டுமென்றால் ஆசிரியர் கணக்கு ஒன்றைப் பயன்படுத்துங்கள். திரைகள் எல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி நாற்காலிகளைத் திருப்பிப் போடுங்கள். தகாத பக்கம் ஏதாவது வந்துவிட்டால் திரையை மூடிவிட்டு ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு விழாது என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திட்டுக்குப் பயந்துதான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

அடுத்த வாரமே ஒன்று செய்து பார்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கட்டும்?

அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை எடுங்கள். அதில் "அறிஞர்கள் கண்டறிந்தனர்" என்றோ "முடிவு செய்யப்பட்டது" என்றோ ஒரு வரி கட்டாயம் இருக்கும். எப்படிக் கண்டறிந்தார்கள், யார் மறுத்தார்கள் என்று நீங்களே அரை மணி நேரம் தேடுங்கள். உங்களுக்கே சுவாரசியம் தட்டும் இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தைக் கேள்வியாக எழுதுங்கள். மூன்று லிங்க், ஒரு தாள், நால்வர் குழு, இரண்டு பீரியட். முதல் பீரியட் முடிந்து மணி அடித்ததும் பிள்ளைகள் என்ன பேசிக்கொண்டே வெளியே போகிறார்கள் என்று கதவோரம் நின்று கொஞ்சம் கேளுங்கள். இரண்டாம் பீரியட்டை எங்கிருந்து தொடங்குவது என்று அதிலேயே தெரிந்துவிடும்.